பதினோரு மணிச் சாப்பாடு

விதை நெல் விற்பது வாய் வேலை என்று பயந்துகொண்டேதான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வயிற்று வேலை.

எனக்குக் குரல் சின்னது. இன்டர்வியூ எடுத்தவரே "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஆனால் இந்தத் தொழிலில் அதிகம் பேச வேண்டியதில்லை. டீலர் கடைக்குப் போனால் டிபன், விவசாயி வீட்டுக்குப் போனால் சாப்பாடு, வரப்பில் நின்றுகொண்டிருந்தால்கூட எங்கிருந்தோ ஒரு பொட்டலம் பஜ்ஜி வந்துவிடும். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு மூட்டை விதை கூடுதலாகப் போகும். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியாது.

சிறுகுடலில் கோளாறு. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசை உள்ளே போனால் என் குடல் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாம் ஆகாது. கரண்டியில் ஒட்டி வந்த சிட்டிகை போதும், இரண்டு நாள் படுக்கைதான். வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று சொன்ன தஞ்சாவூர் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரிசிச் சீமையில பொறந்தவருக்கு என்ன கவலை?" என்றார். நானும் நம்பினேன்.

கும்பகோணத்திலிருந்து பேராவூரணி வரை என் ஏரியா. இதற்குள் எங்காவது மதியம் ஒரு மணிக்கு நாலு பேரோடு உட்கார்ந்து பயமில்லாமல் சாப்பிட ஓர் இடம் வேண்டும். நான் தேடியது அவ்வளவுதான். பைக் பெட்டியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு, மதகுக் கட்டையில் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்னும் சக வயிறுகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, அவர்கள் "என்ன இருக்கு?" என்று கேட்டுச் சாப்பிடுகிறவர்கள், நாம் "அதில் என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள்.

டப்பாவைக் காட்டுங்க

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டல். மதியச் சாப்பாடு என்றால் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, மோர். இதில் கோதுமை எங்கே ஒளிந்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். பெருங்காயத்தில் ஒளிந்திருக்கிறது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பங்கு மாவுதான். பெருங்காயம் அதற்கு வாசனை காட்டத்தான். எங்கள் பக்கத்தில் பெருங்காயம் போடாத சாம்பார் என்றால் செத்த வீட்டில்கூட முகம் சுளிப்பார்கள்.

பரிமாறுகிறவரிடம், "அண்ணே, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடறீங்க? டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மைதா. "ரசம்?" "அதே டப்பாதான்." "கூட்டு?" "அதுலயும் ஒரு சிட்டிகை." "மோர்?" "தாளிச்சுட்டோம்." "தாளிக்காத தயிர் இருக்குமா?" என் பின்னால் இடத்துக்காக நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். இலையில் சோறும் தயிரும் உப்பும் விழுந்தன. பக்கத்து இலைகளில் வத்தக்குழம்பு மணத்தது, அப்பளம் நொறுங்கியது. போகிற போக்கில் அவர் குனிந்து சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க சார். நல்ல குடும்பத்துச் சோறு, தைரியமாச் சாப்பிடுங்க."

சின்ன வயசிலேயே

குடல், குளூட்டன், பெருங்காயம் என்று ஒவ்வொரு வீட்டிலும் புராணம் படிக்க முடியுமா? பாபநாசத்தில் ஒரு டீலர். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும். அவர் மனைவி தட்டில் பூரியோடு வந்தபோது, "எனக்கு ஒத்துக்காதுங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். "சுகரா?" என்றார் அந்த அம்மாள். நான் மறுப்பதற்குள் அவரே, "இந்த வயசுலயா, அய்யோ பாவம்" என்று கண்கலங்கிவிட்டார். என் குரலுக்கு அந்த இரக்கத்தைத் தாண்டி ஏறுகிற வலு இல்லை.

அடுத்த வாரம் போனேன். எனக்கென்று தனியாகச் செய்து, துணியில் சுற்றி, சூடு போகாமல் வைத்திருந்தார். நாலு சப்பாத்தி. கூடவே கோதுமை ரவை உப்புமா. சுற்றிலும் கூரை வரைக்கும் எங்கள் கம்பெனியின் நெல் மூட்டை. நான் தட்டைத் தொடாமல் முழிப்பதைப் பார்த்து, சோற்றுக்கு ஏங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அன்பாக அதட்டினார்:

"மனச அடக்குங்க தம்பி. இந்த அரிசியத் தொட்டீங்கன்னா அதுதான் விஷம்."

எந்தத் தெரு

இது சிரிப்பதற்காகச் சொல்வதல்ல. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. அவர் அப்பா காலத்தில் பண்ணையாள் குடும்பம். இப்போது சொந்தமாக நிலம் வைத்து இரண்டு போகம் எடுக்கிறார். வயலைப் பார்த்து முடித்ததும் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி பாய் போட்டு, இலை விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டார். நான் வழக்கமான பொய்யைச் சொன்னேன்: "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன்."

அந்த அம்மாள் இலையை மடிக்கவும் இல்லை, சோறு போடவும் இல்லை. கலியபெருமாள் நிதானமாக, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் அந்தப் பொய்யை எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், எல்லாரும் இப்பத்தான் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

நான் தெருப் பெயரைச் சொன்னேன். என் தாத்தா கதை சொல்லியே என்னைத் தூங்கவைத்தவர். அவர் கதைகளில் ராஜா வரமாட்டார், டீக்கடை வரும். வாசலில் நின்று கொட்டாங்குச்சியில் டீ வாங்கியதும், கறுப்புச் சட்டைக்காரர்களும் சிவப்புத் துண்டுக்காரர்களும் கூட வர ஒருநாள் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் வரும். "பெஞ்சு ஆடுச்சா, நான் ஆடுனேனான்னு இன்னும் தெரியலடா" என்பார். அந்தத் தெருதான்.

கலியபெருமாள் முகம் அவிழ்ந்துவிட்டது. "அட, நம்ம புள்ளையா? அப்புறம் என்னடா நோக்காடு உனக்கு, உக்காரு" என்றார். 'நீங்க' போய் 'டா' வந்ததும் மறுப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் குடலிலிருந்து பெருங்காயம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள், "குழம்புல போட்டிருக்கேனே" என்று மெல்லச் சொல்லி இலையை எடுத்தார். இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வழியனுப்ப வண்டி வரை வந்தவர் சொன்னார்:

"எங்கப்பா உள்ள வந்து சாப்பிடணும்னு அடி வாங்குனாரு. நீ உள்ள வந்துட்டுச் சாப்பிடாம இருக்க டாக்டரு பேரச் சொல்ற. என்ன காலம்டா இது."

இடியாப்பம்

பேராவூரணியில் ஒரு கடை. இடியாப்பம், தேங்காய்ப்பால், சர்க்கரை. வேறு எதுவும் கிடையாது. பச்சரிசி மாவு, தேங்காய். பெருங்காயத்துக்கு அங்கே வேலையே இல்லை. பக்கத்தில் தேங்காய் லாரி டிரைவர்கள் உட்கார்ந்து ஊர்ப் பேச்சுப் பேச, நானும் நடுவில் உட்கார்ந்து ஆறு இடியாப்பம் சாப்பிட்டேன். ஒரு டிரைவர் என்னிடம் தேங்காய் விலை கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனாலும் ஏதோ சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் படுக்கையில் கிடந்த இரண்டு நாளை விவரிக்க வேண்டாம், உங்களுக்குத் தெரியும். எழுந்து நடமாட முடிந்ததும் அந்தக் கடைக்காரரிடம் போய், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ள மட்டும் கேட்டேன். மாவு எங்கே அரைக்கிறீர்கள்? தெருக்கோடி மில்லில். அன்றைக்கு ரேஷனில் கோதுமை போட்டிருந்தார்கள். ஊரே கோதுமையைத் தூக்கிக்கொண்டு அந்த மில்லுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பின்னால்தான் என் பச்சரிசி. கடைக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார்:

"மில்லுல அரிசிக்கு முன்னாடி யாரு போனாங்கன்னு நாங்க எப்படித் தம்பி விசாரிக்கிறது?"

கோரிக்கை

குறுவைக்கு விதை ஆர்டர் எடுக்கிற நேரம். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு ஊருக்குப் போனால் வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. என் கஸ்டமர்கள் அத்தனை பேரும் ரோட்டோரப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நாலுவழி பைபாஸுக்கு நஞ்சை நிலத்தை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. அதை எதிர்த்து ஒருநாள் உண்ணாவிரதம். இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் பந்தலின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தன. "வயலைத் தொடாதே, இருக்கிற ரோட்டை அகலமாக்கு" என்று ஒருவர் மைக்கில் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நிற்கக் கூச்சமாக இருந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்து என் குரலுக்கு ஏற்ற அளவு திருப்பிச் சொன்னேன்.

மதியம் ஒரு மணி ஆயிற்று. யாரும் என்னை "சாப்டீங்களா?" என்று கேட்கவில்லை. யாரும் இலை போடவில்லை, யாரும் மனம் கோணவில்லை. ஒரு மணிக்கு நாலு பேரோடு, நாலு பேர் என்ன, நூறு பேரோடு உட்கார்ந்திருந்தேன், சாப்பாடுதான் இல்லை. எழுந்துபோக மனமே வரவில்லை. ஆர்டர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த நடேசன் என்ற பெரிய விவசாயிக்கு என் வயிற்றுக் கதை தெரியும். அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அஞ்சு மணிக்கு எங்களுக்கு ஜூஸ் கொடுத்து முடிச்சு வச்சிருவாங்க. உங்க உண்ணாவிரதத்துக்குக் கோரிக்கை என்ன தம்பி, அத யாருகிட்ட கொடுக்கறது?"

தனிப் பந்தி

கடைசியில் கிடைத்தது. திருவிடைமருதூர் போகிற பழைய மெயின் ரோட்டில், ஓட்டுக் கட்டடத்தில் ஒரு மெஸ். நடத்துகிறவர் அகிலா அக்கா. என் கதையைச் சொன்னேன். எல்லாரும் "அப்ப என்னென்ன சாப்பிடக் கூடாது?" என்று கேட்பார்கள். அக்கா, "சரி, என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். பெருங்காயத்துக்குப் பதில் பூண்டு தட்டிப்போட்டு எனக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சாம்பார், மிளகு ரசம், வாழைக்காய் வறுவல். கரண்டியும் தனி. வேறு யாராவது தொட்டால் திட்டு.

ஒரே சிக்கல், அது ராத்திரி பரோட்டாவுக்குப் பேர்போன மெஸ். பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் ராஜேந்திரன் மைதா மூட்டையைப் பிரிப்பார். அதற்கப்புறம் சமையல்கட்டு முழுக்க வெள்ளையாகப் பறக்கும். அதனால் அக்கா, "பதினோரு மணிக்கு வந்துருங்க, மூட்டையப் பிரிக்கறதுக்குள்ள எந்திரிச்சுருங்க" என்றார். அப்படியே வந்தேன். ஒரு தடவைகூட உடம்புக்கு வரவில்லை. சூடான சோறு, சூடான சாம்பார். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் காலியாகக் கிடக்கும் நீள பெஞ்சில் நான் ஒருத்தன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும். நான் கை கழுவும்போதுதான் முதல் ஆட்கள் உள்ளே வருவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று சத்தம் போட்டுக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு பெஞ்சை நிரப்புவார்கள். நான் அவர்களுக்கு வழிவிட்டு வெளியே போவேன். சில நாள் வண்டியைக் கிளப்பாமல் அந்த இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மூட்டையைத் தோளில் தூக்கிவந்த மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார்:

"மாப்பிள்ளைக்குத்தான் தனிப் பந்தி போடுவாங்க. பொண்ணு எங்கன்னு கஸ்டமருங்க எங்கிட்ட கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்ல?"

ஒரு மணி

நடேசனும் மற்றவர்களும் ஜெயித்துவிட்டார்கள். பைபாஸ் கிடையாது, நஞ்சை பிழைத்தது, இருக்கிற ரோட்டையே நாலுவழியாக அகலமாக்குவது என்று முடிவானது. நடேசன் என்னைக் கூப்பிட்டு வாய் நிறையச் சிரித்து, அதுவரை வாங்காத அளவுக்கு விதை ஆர்டர் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தோடு பதினோரு மணிக்கு மெஸ்ஸுக்குப் போனால், சுவரின் பின்கோடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு, ரோட்டுக்கு இடிக்கிற எல்லைக் குறி. கோட்டுக்கு ரோட்டுப் பக்கம் முழு மெஸ்ஸும் இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. நானும் அந்தப் பந்தலில் உட்கார்ந்து கோஷம் போட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க சத்தத்துக்கு ஒரு பல்லி நகராது தம்பி, ரோடா நகரும்? சாப்பிடுங்க" என்றார். திருப்பூரில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். அங்கே மெஸ் வைக்கும் உத்தேசம் இல்லை. நான் மறுபடி மதகுக் கட்டைக்குப் போகவேண்டியதுதான்.

மெஸ்ஸின் கடைசி நாளுக்கு முதல்நாள் அக்கா போன் செய்தார். "மாஸ்டர் வேற கடைக்குப் போயிட்டாரு. மைதா தீந்து ஒரு வாரமாச்சு. மேடை, அடுப்பு, அண்டா எல்லாத்தையும் தேச்சுக் கழுவிட்டேன். நாளைக்கு பதினோரு மணிக்கு வராதீங்க, ஒரு மணிக்கு வாங்க" என்றார்.

போனேன். உள்ளே உட்கார இடமில்லை. கடைசிச் சாப்பாடு என்று தெரிந்து எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரு பெஞ்சு நுனியில் இடம் கிடைத்தது. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் நெல் மூட்டை ஏற்றுகிற லோடுமேன் ஒருத்தர், தோளில் துண்டோடு. இலை வந்தது. எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து சாம்பார். மூன்றாவது இலையிலிருந்து யாரோ, "என்ன அகிலா, சாம்பார்ல என்னமோ குறையுதே?" என்றார்கள். "கடையே போகுது, சாம்பார்ல குறைஞ்சா என்ன? கம்முனு தின்னுங்க" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எது குறைகிறது, யாருக்காகக் குறைகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மெதுவாகச் சாப்பிட்டேன். ரசத்துக்கு இலையில் சோற்றைக் குழித்து வைத்துக் காத்திருந்தேன். வாளி என் இலைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு பேருக்கு ஊற்றிவிட்டுத்தான் வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மகன் வேலையைப் பற்றிச் சொல்ல, இன்னொருவர் அதில் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்ன வியாதி என்று கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாமலே நான் நன்றாக விரிந்து உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து லோடுமேன் அப்பளத்தை வாயில் வைத்தபடியே என் முழங்கையை ஒரு இடி இடித்துச் சொன்னார்:

"கொஞ்சம் ஒதுங்கி உக்காருய்யா, உன் கை என் இலையில கெடக்குது."

நெல் விளைகிற சீமையில் விதை நெல் விற்கிறவன், நாலு பேரோடு உட்கார்ந்து ஒருவேளை சோறு தின்ன நாலுவழிச் சாலை வரவேண்டியிருந்தது.